கறுத்த எண்ணெய்

எண்ணெய் என்றதும் திண்டிவனத்துக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது மல்லாட்டைதான். பிறர் நிலக்கடலை என்றும் வேர்க்கடலை என்றும் சொல்வதை எங்கள் பக்கம் அப்படித்தான் வழங்குகிறோம். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் இரகங்கள் டி.எம்.வி. என்னும் முன்னெழுத்துகளோடு நாடெங்கும் சென்றன. 1940இல் வெளிவந்த டி.எம்.வி. 2 மல்லாட்டை பயிரிடுவோரிடையே இன்றளவும் பெயர் மங்காத ஒன்று. ஆமணக்கிலும் அந்நிலையம் இரகங்கள் தந்திருக்கிறது. ஆமணக்குக்கும் பந்தயக் காருக்கும் உள்ள உறவோ அதனினும் பழையது. காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்ததுதான். கடுஞ்சூட்டிலும் உலோகத்தை விட்டு விலகாத குணத்தால், முதல் உலகப்போர்க்கால விமானங்களின் சுழல் எஞ்சின்களும் அக்காலப் பந்தயக் கார்களும் ஆமணக்கெண்ணெயை நம்பி ஓடின. ஆனால் அது விரைவில் பிசினாகிவிடும். ஆகவே எப்போது மாற்றுவது என்ற குழப்பம் அன்றைய பந்தயக்காரருக்கு இருந்திருக்காது. பந்தயம் முடிந்ததும் சூட்டோடு சூடாக வடித்துவிட வேண்டியதுதான்.

நாங்கள் மூவர். இருவர் விழுப்புரம், ஒருவர் திண்டிவனம். இந்தக் கேள்வியை நாங்களாகத் தேடிப் போகவில்லை. மூன்றாண்டுகளுக்கு முன் மறைந்த எங்கள் நான்காவது நண்பர் இரண்டு செல்வங்களை விட்டுச் சென்றார். ஒன்று, சுவர் நிறைந்த புத்தகங்கள். மற்றொன்று, 2000களின் நடுவில் வெளிவந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். கார்: 1.8 லிட்டர் டர்போ எஞ்சின், 150 குதிரைத்திறன். புத்தகங்களை என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியும். காரைப் பற்றி அண்ணி சொன்னது இவ்வளவுதான்: "பையன் படிப்பு முடிச்சு வர்ற வரைக்கும் ஓடுற நிலையில வெச்சிருங்க. அது நின்னுபோனா அவன் தாங்கமாட்டான்." செலவுக்கு அவர் தருவது குடும்ப ஓய்வூதியத்திலிருந்து. இத்தகைய எஞ்சினுக்கான சிந்தெடிக் எண்ணெய் நாலரை லிட்டர், வடிகட்டி, கூலி என ஒவ்வொரு முறையும் சில ஆயிரங்கள் ஆகும்.

கையேடு பதினைந்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அது என்கிறது. எங்கள் கையில் அந்தக் கார் மாதம் இரண்டு மூன்று முறை விழுப்புரத்திலிருந்து விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு வழியாகத் திண்டிவனம் போய்த் திரும்பும்; வேறு ஓட்டமில்லை. ஓராண்டில் 2,800 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. பையன் தொலைபேசியில் கேட்டான்: "சித்தப்பா, மூவாயிரம்கூட ஓடலையே, அதுக்குள்ள எதுக்கு மாத்தணும்? அம்மா காசு வீணாப் போகுது." நியாயமான கேள்வி. பெட்டிக்குள் கிடக்கும் எண்ணெய்க்கு வயதாகுமா?

கூட்டேரிப்பட்டுப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரிடம் போனோம். போக்குவரத்துக் கழகப் பணிமனையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். கண்மணி குணசேகரனின் 'நெடுஞ்சாலை' நாவலைப் படித்தவர்களுக்கு அந்த உலகம் அறிமுகமாகியிருக்கும்; பேருந்தின் அடியில் படுத்தெழுந்த தொழிலாளியே எழுதியதால்தான் அதில் டீசல் வாடை அடிக்கிறது என்பது எங்கள் எண்ணம். எங்கள் மெக்கானிக் நாவல் எதையும் படித்தவரல்லர். டிப்ஸ்டிக்கை உருவி, ஒருமுறை முகர்ந்து, விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்துவிட்டு, "வழுவழுப்பில்லாத தாள் இருக்குதுங்களா சார்?" என்றார். எங்களிடம் தாளுக்கா பஞ்சம்? வண்டியில் கிடந்த பழைய சிற்றிதழ் ஒன்றின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. (விளம்பரம் கிடைக்காத இதழ்களால் இப்படியும் ஒரு பயன்.) அதில் ஒரு சொட்டு விட்டு வெயில்படாமல் வைத்தார்.

சொட்டு மெல்லப் பரவியது. நடுவே கறுப்பு, சுற்றிலும் சாம்பல் வளையம், விளிம்பில் தேன்நிறம். புகைக்கரியைத் தாங்கிச் சுமக்கும் ஆற்றல் எண்ணெய்க்கு இன்னும் இருந்தால் கறுப்பு ஒரே சீராக வெளிப்பக்கம் படரும். ஆற்றல் தீர்ந்திருந்தால் நடுவிலேயே மையாக உறைந்து கூர்மையான ஓரத்தோடு நின்றுவிடும். பெட்ரோல் கலந்திருந்தால் வெளிவளையம் அகன்று வெளிறும். எங்கள் சொட்டு சீராகவே படர்ந்தது. "கறுத்துப்போச்சேன்னு பயப்படாதீங்க. அழுக்கைத் தூக்கினாத்தான் கறுக்கும். கறுக்காத எண்ணெய்தான் வேலை செய்யலன்னு அர்த்தம்" என்றார்.

அப்படியானால் மாற்ற வேண்டாமா என்றோம். அவர் மறுபடி முகரச் சொன்னார். மெலிதாக ஒரு புளிப்பு.

எண்ணெய் கெடுவது தூரத்தால் மட்டுமன்று. எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவியும் எரியாத பெட்ரோலும் உருளையைக் கடந்து கீழே இறங்குகின்றன. எஞ்சின் நன்கு சூடாகி அரைமணி நேரமேனும் ஓடினால் அவை ஆவியாகி வெளியேறும். வீட்டு வாசலில் வாரமொருமுறை ஐந்து நிமிடம் உறுமவிட்டு நிறுத்துவது நம்மூரில் பலருடைய வழக்கம். பேட்டரிக்கும் அதனால் பெரிய நன்மையில்லை, எண்ணெய்க்கோ கேடு. அமிலத்தை முறிப்பதற்கென்று எண்ணெயில் காரப்பொருள் சேர்த்திருப்பார்கள். கார் நின்றுகொண்டிருந்தாலும் அது ஈரத்தோடும் அமிலத்தோடும் போராடிச் சிறிது சிறிதாகக் கரைந்துகொண்டிருக்கும். கையேடு ஓராண்டு என்று வரம்பு வைத்திருப்பது இதனால்தான்.

டர்போ இருந்தால் கணக்கு இன்னும் கடுமை. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் அதன் தண்டு உலோகத்தில் உராயாமல் எண்ணெய்ப் படலத்தில் மிதக்கிறது. பக்கத்திலேயே புகைப்போக்கியின் அனல். நெடுஞ்சாலையில் விரைந்து வந்து விக்கிரவாண்டி உணவகத்தின் முன் சட்டென்று எஞ்சினை அணைத்தால், அங்கே தேங்கிய எண்ணெய் கரியாகக் கெட்டிப்படும். ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு அணைக்க வேண்டும். காபி காத்திருக்கும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த 1.8 டர்போ எஞ்சின் பொருத்திய பசாட் கார்களில் எண்ணெய் சேறாகி அடைத்துக்கொள்வதாக அமெரிக்காவில் புகார்கள் எழ, 2004இல் ஃபோக்ஸ்வாகன் அந்த எஞ்சின்களுக்கான உத்தரவாதத்தை நீட்டிக்க நேர்ந்தது. அங்கே உத்தரவாதம் இருந்தது. எங்களிடம் இருப்பது உதிரிப்பாகமே எளிதில் கிடைக்காத இருபது வயது எஞ்சினும் அண்ணிக்குக் கொடுத்த வாக்கும்.

துல்லியமாக அறிய வழியுண்டு. 1946 வாக்கிலேயே அமெரிக்காவின் டென்வர் - ரியோ கிராண்டே இரயில்வே, டீசல் எஞ்சின்களிலிருந்து எடுத்த எண்ணெயை நிறமாலை ஆய்வுக்கு உட்படுத்தி, அதில் கரைந்த உலோகங்களைக் கொண்டு எந்தப் பாகம் தேய்கிறது என்று கண்டுபிடித்தது. நம் இரயில்வேயின் டீசல் பணிமனைகளிலும் இம்முறை நெடுங்காலமாக உண்டு. விழுப்புரம் சந்திப்பில் ஆண்டுக்கணக்காக டீசல் எஞ்சின்களை வேடிக்கை பார்த்த எங்களுக்கு, அவற்றின் குருதியைச் சோதிக்க ஓர் ஆய்வகம் இருந்தது என்பது வியப்பாகவே இருந்தது. நாலரை லிட்டருக்காக ஆய்வகத்துக்குச் செலவழிப்பதைவிட எண்ணெயையே மாற்றிவிடலாம் என்றார் மெக்கானிக். எங்களுக்கும் அதுவே சரியெனப்பட்டது.

பையனுக்கு எல்லாவற்றையும் விளக்கினோம். சற்று நேரம் பேசாமலிருந்தவன், "அப்பா எப்ப மாத்துவார் சித்தப்பா?" என்று கேட்டான்.

அதற்கான விடை புத்தக அலமாரியில் இருந்தது. நண்பர் வாங்கிய நூல்களையெல்லாம் ஒரு நோட்டில் தேதியிட்டுக் குறித்துவைப்பவர். அதே பக்கங்களின் ஓரத்தில் பென்சிலால் கிலோமீட்டர் கணக்கும் எண்ணெய் மாற்றிய நாளும். ஒன்பதாயிரம் ஓடிய ஆண்டுமுண்டு, நான்காயிரம் ஓடிய ஆண்டுமுண்டு. மாற்றியது மட்டும் எப்போதும் டிசம்பர் இறுதியில்தான். சென்னைப் புத்தகக் கண்காட்சிக்குப் புறப்படும் முன்.

அந்தப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினோம். இரவு பதில் வந்தது: "அம்மாகிட்ட கேக்காதீங்க. பார்ட் டைம் சம்பளம் வந்திருக்கு, நான் அனுப்பறேன்." டிசம்பர் 28 அன்று எண்ணெயை மாற்றினோம். நோட்டில் அவருடைய கடைசிக் குறிப்புக்குக் கீழே கிலோமீட்டரை எழுதியாயிற்று. கண்காட்சியிலிருந்து என்னென்ன வாங்கி வர வேண்டும் என்ற பட்டியலையும் பையன் அனுப்பியிருக்கிறான். மூவரும் அதைப் பற்றி இன்னும் சண்டையிட்டுக்கொண்டிருக்கிறோம்.