ஹெல்சின்கி நகரில் எங்கே உண்பது?



ஆண்டு மலருக்குத் தலைமையாசிரியர் எழுதும் கட்டுரையென்றால் அது ஒழுக்கத்தையோ காலந்தவறாமையையோ பற்றியதாகவே இருக்குமென நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். சென்ற மலர்களில் யாமும் அவ்வாறே எழுதி வந்துள்ளோம். இம்முறை சோற்றைப் பற்றி எழுதத் துணிந்தோம். அதுவும் வடதுருவத்திற்கு அருகே உள்ள பின்லாந்து நாட்டின் தலைநகராகிய ஹெல்சின்கியில் கிடைக்கும் சோற்றைப் பற்றி.

2001ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான அனைத்துலகக் கல்வி மதிப்பீட்டில் அந்நாட்டு மாணவர்கள் வாசிப்பில் முதலிடம் பெற்றனர். அந்நாள் தொட்டு, யாம் சென்ற பயிற்சிக் கூட்டங்களில் பின்லாந்தின் பெயர் ஒலிக்காத கூட்டம் அரிது. அந்நாட்டைக் கண்ணாற் கண்டுவிட வேண்டுமென்ற ஆசை எம்முள் நெடுநாளாக இருந்தது. எம்மிடம் நான்காம் ஆண்டில் பயின்ற மாணவி ஒருத்தி அந்நகரப் பல்கலைக்கழகத்தில் வனவியல் முதுகலை பயில உதவித்தொகை பெற்றுச் சென்றாள். “ஐயா, நான் இங்கிருக்கும்போதே வந்துவிடுங்கள்” என்று எழுதினாள். சேமிப்பில் கைவைத்து, 2023ஆம் ஆண்டு நடுவாண்டு விடுமுறையிற் புறப்பட்டோம்.

புறப்படுவதற்கு முந்திய மாலை அவளுடைய தாயார் எம் இல்லத்திற்கு வந்தார். ஒரு காலத்தில் பால்மரம் வெட்டியவர். இன்று செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்குகிறார். மகளுக்கென ஒரு டின் முறுக்கும் ஊறுகாயும் கொண்டுவந்திருந்தார். “ஐயா, படிப்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அவள் எங்கே சாப்பிடுகிறாள், என்ன சாப்பிடுகிறாள், வயிறு நிறையச் சாப்பிடுகிறாளா என்று மட்டும் பார்த்து வந்து சொல்லுங்கள்” என்றார். கல்விச் சுற்றுலாவாக எண்ணியிருந்த எம் பயணம் அக்கணமே உணவுச் சுற்றுலாவாக மாறிற்று.

முதல் நாள் எம்மை அவள் அழைத்துச் சென்ற இடம் துறைமுகத்தை ஒட்டிய கௌப்பத்தோரி என்னும் சந்தைத் திடல். செம்மஞ்சள் நிறக் கூடாரங்கள் வரிசையாக நிற்கின்றன. நம்மூர்ப் பசாறுதான், கடலும் குளிரும் மட்டுமே அதிகம். பெரிய இரும்புத் தட்டுகளில் மீன்கள் பொரிந்துகொண்டிருந்தன. விரல் நீளமே உள்ள ஒருவகை ஏரிமீனை ‘ரை’ என்னும் தானிய மாவிற் புரட்டி, தலையோடும் வாலோடும் பொரித்துத் தருகிறார்கள். அதன் பெயர் முய்க்கு. சுவையோ நம் வீட்டு நெத்திலிப் பொரியலின் உடன்பிறப்பு. மிளகாய்த்தூள் ஒரு சிட்டிகை இருந்திருந்தால் யாம் அன்று அவ்விடத்தை விட்டு எழுந்திருக்கவே மாட்டோம்.

இங்கு ஓர் எச்சரிக்கை. அத்திடலில் கடற்காகங்கள் உண்டு. தட்டைக் கையிலேந்தி வானத்தை இரசிப்பவர்களின் உணவு அவற்றிற்கே உரியது. எம் இரண்டாவது மீன் அவ்வாறே பறந்துபோயிற்று. மாணவி சிரித்த சிரிப்பு அடங்கச் சிறிது நேரம் பிடித்தது.

அருகிலேயே 1889ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட பழைய சந்தைக் கூடம் இருக்கிறது. செங்கற் கட்டடம், உள்ளே மரத்தாலான சிறுசிறு கடைகள். அங்கே சால்மன் மீன் சூப்பு அருந்தினோம். உருளைக்கிழங்கு, பாலாடை, சதகுப்பைத் தழை ஆகியவற்றோடு மீன் துண்டங்களை இட்டுக் காய்ச்சுகிறார்கள். உடன் கருநிற ரொட்டியும் வெண்ணெயும். குளிர்காற்றில் நடந்து வந்தவர்க்கு அது மருந்து. ஆயினும் அன்று ஒரு யூரோ நம் நாட்டுப் பணத்தில் ஏறத்தாழ ஐந்து வெள்ளி. ஒரு கிண்ணம் சூப்பின் விலையை வெள்ளியாக்கிப் பார்த்தபோது, இங்கே ஒரு குடும்பம் இரண்டு நாள் உண்ணலாமே என்ற எண்ணம் தொண்டையில் நின்றது. “ஐயா, இங்கே விலையைப் பெருக்கிப் பார்த்தால் ஒருவரும் உண்ண முடியாது” என்றாள் அவள்.

அந்நகரில் பெயர்பெற்ற உணவகங்கள் பல உள. எஸ்ப்ளனாதி என்னும் பூங்கா வீதியில் 1867ஆம் ஆண்டு முதல் கண்ணாடி மாளிகைபோல் நிற்கும் காப்பெலி. அதே வீதியில் ஒரு கட்டடத்தின் உச்சித் தளத்தில், ஆல்வார் ஆல்ட்டோ என்னும் புகழ்மிகு கட்டடக் கலைஞரும் அவர் துணைவியாரும் அமைத்து 1937இல் திறக்கப்பட்ட சவோய். இவற்றை வெளியில் நின்று கண்டு களித்தோம். கண்டு களிப்பதற்குக் கட்டணம் இல்லை.

ஆனால் 1852இல் தோன்றிய எக்பெர்க் என்னும் ரொட்டிக் கடைக்கு உள்ளேயே சென்றோம். பின்லாந்து மக்கள் கோப்பி குடிப்பதில் உலகின் முன்வரிசையில் நிற்பவர்கள். அவர்களின் கோப்பி நம் கோப்பியைப்போற் கறுத்துத் தடித்ததன்று. தேநீரோ என ஐயுறும்படி இளநிறமாயிருக்கும். அதனோடு உண்ணும் சுருள் ரொட்டியின் பெயர்தான் வேடிக்கை. கோர்வாபூஸ்தி, அதாவது ‘காதில் விழுந்த அறை’. எம் மாணவி அதை மொழிபெயர்த்துவிட்டு எம்மை ஓரக்கண்ணாற் பார்த்தாள். அக்காலத்தில் யாம் காதைத் திருகும் ஆசிரியராயிருந்தோம் என்பதைப் பழைய மாணவர்கள் அறிவர். அந்த ரொட்டியைப் பிய்த்தபோது எழுந்த மணம் எம்மைத் திகைக்க வைத்தது. ஏலக்காய்! நம் பாயசத்தின் மணம், பனிநாட்டு ரொட்டிக்குள்.

அரிசிக்கும் அங்கே இடமுண்டு. ஹகனியெமி என்பது நெடுங்காலமாகத் தொழிலாளர் வாழ்ந்த பகுதி. அங்குள்ள சந்தைக் கூடம் 1914ஆம் ஆண்டினது. பல்லாண்டுப் புதுப்பிப்புக்குப் பின் யாம் செல்வதற்குச் சில வாரங்கள் முன்னர்தான் மீண்டும் திறக்கப்பட்டிருந்தது. அங்கே கரேலியப் பலகாரம் ஒன்றை வாங்கித் தந்தாள். மெல்லிய ரை மாவுத் தோலுக்குள் பாலிற் குழைய வேகவைத்த அரிசிக் கஞ்சி. விளிம்பைக் கொழுக்கட்டைபோல் விரலால் மடித்திருக்கிறார்கள். மேலே அவித்த முட்டையும் வெண்ணெயும் பிசைந்த கலவை. விலையும் குறைவு, இரண்டு உண்டால் நண்பகல் வரை தாங்கும். சோறின்றி வாழ இயலாதோர்க்கு மற்றொரு செய்தி: அந்நகரில் நேபாள உணவகங்கள் மிகப் பல. சோறும் பருப்பும் நகரின் எப்பகுதியிலும் கிடைக்கும்.

இனிச் சிக்கனக்காரர்களுக்கு. வார நாட்களில் ஏறத்தாழ பதினொரு மணிமுதல் மதிய உணவை ஒரே விலைக்குத் தருகிறார்கள். கீரைவகை, ரொட்டி, பெரும்பாலும் கோப்பியும் அவ்விலையில் அடக்கம். குழாய்த் தண்ணீர் தூயது, அதற்குக் காசில்லை. அதே உணவகத்தில் இரவில் உண்டால் விலை பெரிதும் ஏறிவிடும். வியாழக்கிழமைகளிற் பட்டாணிச் சூப்பும் அடையும் உண்பது அவர்களின் பழைய மரபு. யாம் அவ்வியாழனை வீணாக்கவில்லை. பரிசாரகருக்குத் தனியே காசு வைக்கும் வழக்கம் இல்லை. பல இடங்களில் உண்ட தட்டை நாமே எடுத்துச்சென்று உரிய இடத்தில் வைக்க வேண்டும். கோட்டணிந்த கனவான்களும் அவ்வாறே செய்கின்றனர். நம் வீட்டு ஆடவர் இதைக் கவனிக்கவும்.

எல்லாம் பொன்னுலகம் என்று எழுதிவிட்டால் அது பொய்யாகும். கல்லியோ என்னும் பகுதியில் ஓர் அறநிலையத்தின் வாயிலில் முதியவர்களும் இளையவர்களும் இலவச உணவுப் பைக்காக நெடிய வரிசையில் நிற்பதைக் கண்டோம். சிலர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தனர். மாணவி ஒன்றும் பேசாது நடையை விரைவாக்கினாள். எமக்கு அப்போது அதன் பொருள் விளங்கவில்லை.

தாயார் இட்ட பணி இன்னும் முடியவில்லை அல்லவா? “நீ நாள்தோறும் உண்ணும் இடத்தைக் காட்டு” என்றோம். நகர நடுவிலிருந்து பேருந்தேறி வீக்கி என்னும் வளாகத்திற்குச் சென்றோம். பல்கலைக்கழகத்தின் வயல்களும் மாடுகளும் ஒருபுறம்; ஆய்வுக்கூடங்கள் மறுபுறம். அங்குள்ள மாணவர் உணவகத்தில் அவள் அட்டையைக் காட்டினாள். ஏறத்தாழ மூன்று யூரோ கொடுத்தாள். எஞ்சிய செலவின் ஒரு பகுதியை அரசாங்கமே உணவகத்திற்குச் செலுத்திவிடுகிறது. எமக்குக் கட்டணம் அதனினும் மிகுதி. ஆனால் வரிசை ஒன்று, தட்டு ஒன்று, மேசை ஒன்று. முன்னால் நின்ற நரைத்த தலையர் பேராசிரியராம். பாதித் தட்டுக்குக் காய்கறி, காற்பங்கு உருளைக்கிழங்கு, காற்பங்கு மீன்; உடன் ரொட்டி, பால். காரம் இல்லை என்ற குறையைத் தாயாரின் ஊறுகாய் தீர்த்தது.

அவள் ஒன்றும் மிச்சம் வைக்காமல் உண்டாள். யாம் மகிழ்ந்து, “பள்ளியில் நீ ஒரு வாய்கூட உண்ணாதவளாயிற்றே! கொடுத்த உணவை மறுத்துவிட்டுக் குழாயடியில் தண்ணீர் குடித்துக்கொண்டு நிற்பாயே” என்றோம்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “ஐயா, நீங்கள் பெயர் வாசிப்பீர்கள்” என்றாள்.

2005ஆம் ஆண்டில் துணை உணவுத் திட்டத்திற்குப் பொறுப்பாசிரியர் யாமே. ஓய்வுமணி அடிக்கும் முன் வகுப்பு வகுப்பாகச் சென்று, ஏழைப் பிள்ளைகளின் பெயர்களை உரக்க வாசிப்போம். பெயர் வந்தவர்கள் எழுந்து வரிசையாய்ச் சிற்றுண்டிச்சாலைக்குச் சென்று, கடைசி மேசையில் அமர்வார்கள். ஒரு பிள்ளையும் விடுபடக் கூடாதே என்ற அக்கறையால்தான் உரக்க வாசித்தோம். நான்காம் ஆண்டின் நடுவில் அவள் எழுந்து வருவதை நிறுத்திக்கொண்டாள். யாம் அவளைத் திமிர் பிடித்தவள் என்று வகுப்பின் முன்னிலையில் கடிந்துகொண்டோம். அதுவும் எமக்கு நினைவிருந்தது, அவளுக்கும் நினைவிருந்தது.

“கோபமில்லை, ஐயா. சொல்ல வேண்டுமென்று தோன்றியது” என்றவள், பின்னர் தன் அண்டை வீட்டுச் சிறுவனைப் பற்றிக் கூறினாள். பின்லாந்தில் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் மதிய உணவு இலவசம். போர்க்காலத்தில், 1943ஆம் ஆண்டிற் சட்டமியற்றி, 1948ஆம் ஆண்டு முதல் முழுமையாக நடைமுறைப்படுத்தியிருக்கிறார்கள். அன்று அது செல்வம் நிறைந்த நாடன்று. “அவனிடம் உன் பள்ளியில் ஏழைப் பிள்ளைகள் யார் என்று ஒருநாள் கேட்டேன், ஐயா. அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை” என்றாள்.

பயிற்சிக் கூட்டங்களில் பின்லாந்தைப் பற்றி யாம் எடுத்த குறிப்பேடுகள் மூன்று. அவற்றில் இச்செய்தி ஓரிடத்திலும் இல்லை. அல்லது இருந்தும் யாம் எழுதிக்கொள்ளவில்லை. எம் தட்டில் மீன் ஆறிப்போயிருந்தது. அதை உண்டு முடித்து, தட்டை யாமே எடுத்துச்சென்று வைத்தோம்.

திரும்பிய பின் பள்ளியில் யாம் செய்தது சிறிய காரியமே. எல்லாப் பிள்ளைகளுக்கும் உணவிட எம்மிடம் நிதியில்லை. ஆயின் பெயர்ப்பட்டியல் இப்போது சிற்றுண்டிச்சாலை நடத்தும் அம்மையாரின் மேசை அறைக்குள் இருக்கிறது, பெயர் வாசிப்பதில்லை. காசு கொடுத்தவரும் கொடுக்காதவரும் ஒரேவகைத் தட்டில் வாங்கி, விரும்பிய இடத்தில் அமர்கின்றனர். பட்டியலிலுள்ள பிள்ளைகளில் உண்ணாது விடுபவர் குறைந்துள்ளனர் என அம்மையார் கூறுகிறார்.

பயணம் முடிந்து வந்த மறுநாளே லயத்திற்குச் சென்று தாயாரைக் கண்டோம். சந்தைத் திடல், மீன், அரிசிப் பலகாரம், ஏலக்காய் ரொட்டி, மாணவர் உணவகம் யாவற்றையும் விரித்துரைத்தோம். “வயிறு நிறைய உண்கிறாள், அம்மா” என்றோம். அவர் முகம் மலர்ந்தது. அப்படியே விடைபெற்றிருக்கலாம், மனம் இடந்தரவில்லை. பெயர் வாசித்த கதையையும் கூறி, “எமக்குத் தெரியாமற் போயிற்று” என்றோம். இம்மலரில் இதை எழுதலாமா என்றும் கேட்டோம். மகள் முன்னரே இசைந்திருந்தாள்.

தாயார் சற்று நேரம் வாசலைப் பார்த்தபடி இருந்தார். “அன்றைக்கே வந்து சொல்லிவிட்டாள், ஐயா. அதனால்தான் விடியற்காலை பிரட்டுக்குப் போகுமுன் அவள் பையில் ஒரு ரொட்டி சுட்டு வைப்பேன். அதையும் அவள் தம்பிக்குக் கொடுத்துவிடுவாளாம், அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது” என்றார். பின்னர், “எழுதுங்கள்” என்று சொல்லிவிட்டு, எமக்குக் கோப்பி கலக்க அடுப்படிக்குச் சென்றார்.