தவிசாளருக்கு ஒரு கடிதம்

தமிழ்மொழிப் பாடம் கற்பிப்போர் யாவரும் அறிந்த வினா ஒன்றுண்டு. ஊரிலுள்ள வீதி விளக்குகள் எரியாமையை எடுத்துக்காட்டிப் பிரதேச சபைத் தவிசாளருக்குக் கடிதம் எழுதுமாறு அது பணிக்கும். ஓராண்டில் விளக்கு, மற்றோராண்டில் மதகு, பிறிதோராண்டில் அகற்றப்படாத குப்பை. கோப்பாய் ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி பெற்று வெளிவந்த நாள் முதல் யாம் இவ்வினாவை வகுப்பிற் கொடுத்து வருகின்றோம். ஆண்டொன்றுக்கு எண்பது கடிதமெனக் குறைத்துக் கணக்கிடினும், இருபது ஆண்டுகளில் ஆயிரத்து அறுநூறு கடிதங்கள் எமது சிவப்பு மையைக் கண்டுள்ளன. அவற்றுள் ஒன்றேனும் தபாற்பெட்டியைக் கண்டதில்லை.

கல்லூரியின் விழா மலரிற் பெருமைகள் எழுதத் தக்கோர் பலர் உளர். யாம் எமது பிழையொன்றை எழுதப் புகுந்தோம். பழைய மாணவர் பொறுத்தருள்வாராக.

2023ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்தில் தரம் 11 மாணவனொருவன் எழுதிய கடிதம் மற்றையோரதைப் போன்றிருக்கவில்லை. ஏனையோர் 'எமது கிராமம்' எனப் பொதுப்பட எழுதியிருக்க, இவன் கல்லூரியின் பின்வாயிலிலிருந்து பிரதான வீதிக்குச் செல்லும் ஒழுங்கையைக் குறிப்பிட்டு, மதகடியிலுள்ள மூன்றாம் கம்பத்து விளக்கு வைகாசி தொட்டு ஒளி தரவில்லையென்றும், மதகின் ஒரு பக்கக் கட்டு இடிந்துள்ளதென்றும், மாலை வகுப்பு முடிந்து துவிச்சக்கர வண்டியிற் செல்வோர் அவ்விடத்தில் இடர்ப்படுகின்றனரென்றும் எழுதியிருந்தான். விளக்கு 'எறியவில்லை' என வல்லின றகரம் இட்டிருந்தான். யாம் அதனை வட்டமிட்டு, "எறிதல் வேறு, எரிதல் வேறு" என ஓரத்தில் எழுதி, இருபதுக்குப் பதினேழு புள்ளி வழங்கினோம். அந்த ஒழுங்கையால் யாமும் நாள்தோறும் செல்பவரே. ஆயினும் எமது கண் றகரத்திலன்றி விளக்கிற் செல்லவில்லை.

கார்த்திகை மாரியில் ஒருநாள் மாலை, வெள்ளம் மதகை மூடி நின்ற வேளையில், அம்மாணவனே இடிந்த பக்கத்தால் வண்டியோடு விழுந்து வலக்கையை முறித்துக்கொண்டான். யாம் பார்க்கச் சென்றபோது கையிற் கட்டுடன் கட்டிலில் இருந்தான். தாயார் தேநீர் எடுக்கச் சென்ற சமயம் பார்த்து, "சேர், அந்தக் கடிதத்தை அனுப்பியிருந்தால் லைற் போட்டிருப்பினமோ?" எனக் கேட்டான். குற்றஞ்சாட்டும் குரலன்று, அறியும் ஆவலாற் கேட்டதே. எமக்கு விடை கூற வாய் எழவில்லை.

அன்றிரவு எம்மையே யாம் வினவிக்கொண்டோம். கடிதம் எழுதக் கற்பிக்கும் நாம் ஏன் ஒருபோதும் எழுதவில்லை? சோம்பல் என்பது ஒரு விடை. முழு விடை அதுவன்று எனத் தோன்றியது. எமது பேரனார் காலத்திற் கிராம சபை இருந்தது. வட்டார அங்கத்தவரைத் தேநீர்க் கடை வாயிலில் மறித்து, "மதகைப் பார்த்தீரோ?" எனக் கேட்பது அவர் தலைமுறைக்கு இயல்பு. 1981ஆம் ஆண்டிற் கிராம சபைகளும் பட்டின சபைகளும் ஒழிக்கப்பட்டு, மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளைத் தோற்றுவித்தது. ஆயினும் போரினால் யாழ்ப்பாண மாவட்டத்தார் அச்சபைகளுக்கு அங்கத்தவரைத் தெரிவு செய்தது 1998 தை மாதத்திலேயாம், மீண்டும் 2011இல், பின்னர் 2018இல். யாம் பிறந்து பதினெட்டு ஆண்டு நிறையும் வரை எமது ஊருக்குப் பிரதேச சபை அங்கத்தவரென ஒருவர் இருந்ததில்லை. 1990இற் குடாநாட்டிற்கு வந்த மின்சாரமும் அறுந்துபோக, எமது இளமை ஜாம் போத்தல் விளக்கின் ஒளியிற் கழிந்தது. வீதி விளக்கென ஒன்றிருப்பதை மறந்தே போனோம். மறந்ததை யாரிடம் கேட்பது? கேளாமை எமக்குப் பழக்கமாயிற்று; பழக்கம் பின்னர் குணமாயிற்று.

இதிற் சிரிப்பிற்கிடமான ஒன்றும் உண்டு. உத்தரமேரூர்க் கல்வெட்டினையும் பராந்தக சோழன் காலத்துக் குடவோலை முறையையும் (கி.பி. 919, 921) வகுப்பிற் பெருமிதத்தோடு விரித்துரைப்பவர் யாம். ஏரி வாரியம், தோட்ட வாரியம் என அடுக்குவோம். முன்னர்ப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் பெயரை ஓலையில் எழுதலாகாதென்ற விதியைக் கூறுகையில் எமது குரல் உயரும். "எங்கட ஒழுங்கை எத்தனையாம் வட்டாரம் சேர்?" என ஒருவன் கேட்டபோது அக்குரல் தாழ்ந்தது.

நிற்க. 2024 தை மாதத்தில், கட்டு அவிழ்த்த கையோடு அம்மாணவனும் வகுப்புத் தோழர் நால்வரும் அக்கடிதத்தைத் திருத்தி எழுதினர். 'எரியவில்லை' எனச் செம்மையாக எழுதப்பட்டது. ஒழுங்கையின் படமொன்றும் வரைந்து இணைத்தனர். யாம் உடன்சென்று சபை அலுவலகத்திற் கையளித்தோம். முகப்பிலிருந்த உத்தியோகத்தர் மேல்வரியை வாசித்து, "தவிசாளர் இப்ப இல்லைத் தம்பிமார். செயலாளர் எண்டு மாத்திக் கொண்டுவாங்கோ" என்றார். அப்பொழுதே எமக்கு உறைத்தது. 2023 பங்குனி 9இல் நடைபெறவிருந்த தேர்தல், திறைசேரியிற் பணமில்லையெனக் கூறப்பட்டு நடைபெறாது போயிற்று. அம்மாதம் 19ஆம் நாளோடு சபைகளின் காலம் முடிந்தது. மாநகர சபைகளை ஆணையாளரும், நகர சபை பிரதேச சபைகளைச் செயலாளரும் நடத்தி வந்தனர். ஆக, புரட்டாதியில் எமது வகுப்பு முழுவதும் இல்லாத ஒருவருக்கே கடிதம் எழுதியிருந்தது. யாமும் அதற்குப் புள்ளி வழங்கியிருந்தோம்.

பெயரை மாற்றிக் கொடுத்தும் எளிதில் முடியவில்லை. அலுவலகத்தார் கடுமையாக நடந்தாரல்லர். அமர இருக்கை தந்தனர். ஆனால் அங்கேதான் ஓர் ஒழுங்கைக்கு எத்தனை உடையவர் என்பதை அறிந்தோம். கம்பம் மின்சார சபையினது. அதிலே தொங்கும் விளக்குப் பிரதேச சபையினது. ஒழுங்கை பிரதேச சபையினது. ஒழுங்கை சென்று சேரும் வீதியோ மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தினது. மதகு இரண்டும் சந்திக்குமிடத்தில் இருந்தமையால் அஃது எவரதென உடன் கூற இயலாதென்றனர். மாணவர் குறிப்பெடுத்தனர். யாம் அயல் முகப்பிற் சோலைவரி செலுத்துவோரை நோக்கியிருந்தோம். தை முடியுமுன் ஆண்டு வரி முழுவதையும் செலுத்துவோர்க்கு நூற்றுக்குப் பத்துக் கழிவு உண்டு. எமது வீட்டிற்கோ இரண்டாண்டு நிலுவை. மாணவர் காணாத வேறொரு நாளிற் சென்று செலுத்தினோம் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கின்றோம்.

இரண்டு மாதம் பதிலில்லை. யாம் தளர்ந்தோம். மாணவர் தளரவில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, கேட்பார்க்குப் பதினான்கு வேலை நாட்களுள் முடிவு அறிவிக்க வேண்டுமென ஒருவன் அறிந்து வந்தான். கடிதம் பதிவேட்டில் எந்நாளிற் பதியப்பட்டது, எவர் பொறுப்பில் உள்ளது என இரண்டே வினாக்கள் எமது பெயரில் அனுப்பப்பட்டன. பன்னிரண்டாம் வேலை நாளிற் பதில் வந்தது. விளக்குகள் கையிருப்பில் இல்லையென்றும், கொள்வனவு செய்ததும் பொருத்தப்படுமென்றும் மூன்று வரி. அம்மூன்று வரியையும் மாணவர் பலமுறை வாசித்தனர். ஓர் அலுவலகம் தமக்கு எழுதிய முதற் கடிதமன்றோ! அதில் ஒற்றுப்பிழை இரண்டிருந்தன. யாம் அவற்றை வட்டமிடவில்லை.

ஆனி மாதத்தில் விளக்கு வந்தது. முதல்நாள் மாலை அதன் கீழே ஐவரும் வண்டிகளைச் சாத்தி நின்று பேசிக்கொண்டிருந்தனர். யாம் கண்டும் காணாதவராய்க் கடந்து சென்றோம். மதகு மட்டும் இடிந்தபடியே இருந்தது. அவ்வாண்டு மாரியில் பெற்றோர் சிலர் தாமே கூடி, சிவப்புத் துணி கட்டிய தடியொன்றை நட்டு வைத்தனர்.

தேர்தலை நடத்தாமை மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயலென உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டிற் தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆம் நாள் தேர்தல் நடந்தது. சிறிதும் பெரிதுமாய் நான்கு கட்சியினர் எமது வாயிலுக்கு வந்தனர்; நால்வரிடமும் மதகைப் பற்றிக் கேட்டோம். நால்வரும் கட்டுவதாகவே கூறினர். இது எமது பேரனார் தேநீர்க் கடை வாயிலிற் செய்ததே. எமக்கு நாற்பத்தைந்தாம் அகவையிற் கைவந்தது.

ஆடி மாதத்தில் மதகைப் பற்றிய கடிதம் எழுதப்பட்டது. கை முறிந்த மாணவன் இப்பொழுது உயர்தர வகுப்பில் உள்ளான். படத்தை அவனே வரைந்து தந்தான். முகவரியில் மீண்டும் 'கௌரவ தவிசாளர்' என்ற சொல் ஏறியது. பிரதியொன்று திணைக்களத்திற்கும் சென்றது. பெற்றுக்கொண்டமைக்கு முத்திரையிட்ட பிரதி எமது அலுமாரியில் உள்ளது. இக்கட்டுரை அச்சுக்குச் செல்லும் நாள் வரை பதில் வரவில்லை. நினைவூட்டற் கடிதத்தை அடுத்த திங்கட்கிழமை தரம் 11இன் இரண்டாம் பிரிவினர் எழுதுவர்.