ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டர்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் எங்கள் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் கால் வைக்க இடமிருக்காது. பொறியியல் கலந்தாய்வு விண்ணப்பம், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாமே ஆன்லைன். பொது இடத்தில் கம்ப்யூட்டரைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது பற்றி யார் எழுதினாலும் மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கே எழுதுகிறார்கள். சுவரில் முதுகு படும்படி உட்காருங்கள், எழுந்து போகும்போது திரையைப் பூட்டுங்கள், இலவச வைஃபையில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். நல்ல யோசனைகள்தான். ஆனால் கம்ப்யூட்டரே சொந்தமில்லாதவர்களுக்கு அவற்றால் என்ன பயன்?

கடையில் நடப்பதைப் பாருங்கள். "போன் நம்பர் சொல்லுங்கம்மா" என்கிறார் கம்ப்யூட்டர் முன் இருக்கும் பையன். அந்த அம்மா உரக்கச் சொல்கிறார். "பிறந்த தேதி?" அதையும் சொல்கிறார். "ஓடிபி வந்திருக்கும், பாருங்க." அவருக்குப் படிக்கத் தெரியாது. போனைப் பக்கத்தில் நிற்கும் கல்லூரி மாணவனிடம் நீட்டுகிறார். அவன் ஆறு இலக்கத்தையும் கடை முழுக்கக் கேட்கும்படி வாசிக்கிறான். அங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை, உதவத்தான் செய்கிறார்கள். ஆனாலும் ஒரு மனுஷியின் வாழ்க்கைச் சாவிகள் முன்பின் தெரியாத பத்துப் பேர் காதில் விழுந்துவிட்டன.

ஓடிபி சில நிமிடங்களில் செத்துப்போகும். கோப்புகள் அப்படியல்ல. "இந்த நம்பருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்கண்ணே" என்பதுதான் இன்று எல்லாக் கடையிலும் வழக்கம். அனுப்புகிறோம், பிரின்ட் வருகிறது, காசு கொடுத்துவிட்டுக் கிளம்புகிறோம். அனுப்பியது அங்கேயே இருக்கிறது. கடைக்காரரின் போனில் ஒன்று, கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் பகுதியில் ஒன்று. ஒருமுறை என் கோப்பைத் தேடிக் கடைக்காரர் அந்தப் பகுதியைக் கீழே தள்ளிக்கொண்டே போனார். ஆதார் அட்டைகள், பாஸ்புக்கின் முதல் பக்கங்கள், யாருடைய வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டோ, பள்ளிச் சீருடையில் ஒரு பெண்ணின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. அந்தப் போட்டோ எந்த போன் எண்ணிலிருந்து வந்தது என்பதும் கடை போனில் இருக்கும். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இணையத்திலிருந்து இறக்கும் ஆதாருக்கு பாஸ்வேர்டு உண்டே என்பார்கள். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும்தான் அந்த பாஸ்வேர்டு. இரண்டையும் சற்று முன்தான் கடையில் சொல்லியிருப்போம். இன்காக்னிட்டோவில் திறந்தால் போதும் என்று நம்புகிறவர்களும் உண்டு. ஜன்னலை மூடியதும் பார்த்த பக்கங்களின் பட்டியல் போய்விடும், இறக்கிய கோப்பு போகாது. அதைத் தனியாக அழிக்க வேண்டும், ரீசைக்கிள் பின்னிலிருந்தும்.

2011-இல் வந்த சைபர் கஃபே விதிகளில், கம்ப்யூட்டர்களுக்கு இடையிலான தடுப்பின் உயரம் நாலரை அடிக்கு மேல் போகக் கூடாது என்று இருக்கிறது. தடுப்பில்லாத இடத்தில் திரை பொதுவெளியைப் பார்த்தபடி இருக்க வேண்டும். வந்தவர் விவரப் பதிவை ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும். உட்காருபவர் தப்புச் செய்துவிடக் கூடாது என்பதுதான் அந்த விதிகளின் கவலை. அவரை யார் காப்பது என்ற கேள்வி பின்னால்தான் வந்தது. 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், இணைய மையங்களில் ஆதாரை இறக்க வேண்டாம், இறக்கினால் பிரதிகளை நிரந்தரமாக அழித்துவிடுங்கள் என்று அறிவித்தது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி இரண்டே நாளில் அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். அழித்துவிடுங்கள் என்ற அந்த ஒரு வரியையாவது விட்டுவைத்திருக்கலாம் என்பது என் ஆதங்கம். முழு ஆதாருக்குப் பதிலாகக் கொடுக்க, கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைப்பு ஆதார் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், காரியம் முடிந்ததும் அழிக்கும் பொறுப்பைத் தரவை வாங்கியவர் தலையில் வைக்கிறது. எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது. படிக்கத் தெரியாத அம்மாவை ரீசைக்கிள் பின்னைத் தேடச் சொல்வது முறையல்ல.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் அழிக்கும் வேலையைச் சட்டத்துக்குக் காத்திராமலே செய்கிறார். பிரின்ட் எடுத்ததும் திரையை நம் பக்கம் திருப்பி, "பாருங்கண்ணே, அழிச்சாச்சு" என்கிறார். கோணலாக வந்த தாளையும் நான்காகக் கிழித்துத்தான் கூடையில் போடுகிறார். அரை நிமிட வேலை.

நான் வழக்கமாகப் போகும் கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். "நாளைக்கே வந்து இன்னொரு காப்பி கேப்பாங்க சார், அதனாலதான் வெச்சிருக்கேன்" என்றார். அவர் சொல்வதிலும் அக்கறை இருக்கிறது. கேட்பவர் போனில் கோப்பு இருக்குமே, மறுபடி அனுப்பச் சொல்லலாமே என்றேன். யோசித்துவிட்டு, சனிக்கிழமை ராத்திரி கடை சாத்தும்போது மொத்தமாக அழிப்பதாக ஒப்புக்கொண்டார். வாரம் ஒருமுறை போதாது, அன்றன்றே வேண்டும் என்று போகும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.