அம்மாவின் பவுடர் டப்பாவும் அப்பாவின் மினி லோடரும்

என் இருபத்தைந்து வயதில் அப்பா என்னை அடித்தது ஒரே ஒரு தடவைதான். அதுவும் போன மாதம்.

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவளுக்கு நான்கு நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பது பெரிய விஷயம். சென்னையிலிருந்து நாமக்கல் பக்கம் இருக்கிற எங்கள் ஊருக்குப் போய் இறங்கியபோது, வீட்டில் யார் முகத்திலும் சிரிப்பில்லை. காரணம் வாசலில் நின்றது. அப்பாவின் மினி லோடர்.

முட்டைக்கோழிப் பண்ணைகளில் கூண்டுகளுக்கு அடியில் மலைபோல் சேரும் எருவை அள்ளி லாரியில் கொட்டுகிற குட்டி வண்டி அது. ஸ்கிட் ஸ்டீர் என்பார்கள். நின்ற இடத்திலேயே சுற்றும், குறுகலான ஷெட்டுக்குள்ளும் நுழையும். இதே வண்டி டயருக்குப் பதிலாக ரப்பர் டிராக்கோடும் வருகிறது. கையைத் தூக்குவதும் பக்கெட்டை மடக்குவதும் இரண்டிலும் ஹைட்ராலிக் எண்ணெய் செய்கிற வேலைதான். அந்த எண்ணெய்தான் ஒழுகிக்கொண்டிருந்தது.

தினமும் இரண்டு லிட்டர் ஊற்றினால்தான் வண்டி வேலை செய்யும் என்ற நிலை. பண்ணைக்காரர் ஒருவர், ‘தரையெல்லாம் எண்ணெயாக்கறீங்க, சரி பண்ணிட்டு வாங்க’ என்று திருப்பி அனுப்பிவிட்டார். பார்க்க வந்த மெக்கானிக்கோ, வண்டியின் பின்பக்கம் சொட்டுவதைப் பார்த்துவிட்டு, “பம்ப் சீல் போயிருக்கும். அப்படியே சிலிண்டரையும் பிரிச்சுப் பார்த்துடலாம். நாப்பதாயிரம் வெச்சுக்கங்க” என்று சொல்லிப் போயிருக்கிறார். ஏழாம் தேதி வண்டிக்குத் தவணை இருபத்தெட்டாயிரம். அன்றைக்குத் தேதி இரண்டு.

“நாமளே ஒருக்கா பார்த்துடலாம்ப்பா” என்று உற்சாகமாகக் கிளம்பியது நான்தான். டிரைவர் அண்ணன் சீட்டில் உட்கார்ந்து எஞ்சினை ஓடவிட்டிருந்தார். நான் செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு பக்கவாட்டில் குனிந்தேன். கறுப்பு ரப்பர் ஹோஸ் ஒன்றின் மேல் ஈரம் மினுமினுத்தது. எங்கிருந்து வருகிறது என்று தடவிப் பார்க்கக் கையை நீட்டினேன்.

பட்டென்று மணிக்கட்டில் ஓர் அடி. செல்போன் தரையில் விழுந்தது. “கையை எடு!” அப்பா கத்திய கத்தலில் டிரைவர் அண்ணன் எஞ்சினையே அணைத்துவிட்டார்.

எனக்குக் கோபம். அழுகையும் வந்தது. அப்பா திண்ணையில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “உன் சித்தப்பன் விரல் எப்படிப் போச்சுன்னு தெரியுமா சாமி?” என்று கேட்டார்.

சித்தப்பாவுக்கு இடது கையில் ஆட்காட்டி விரல் இல்லை. ‘வண்டியில மாட்டிக்கிச்சு’ என்றுதான் சின்ன வயதிலிருந்து எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். மாட்டிக்கொள்ளவில்லையாம். நான் செய்யப் போனதைத்தான் அவரும் செய்திருக்கிறார்.

இந்த வண்டிகளில் எண்ணெய் சுமார் 200 பார் அழுத்தத்தில் ஓடுகிறது. கார் டயரில் நாம் அடிக்கிற காற்று இரண்டு சொச்சம் பார். ஹோஸில் குண்டூசி முனையளவு ஓட்டை விழுந்தால் எண்ணெய் சொட்டாது, கண்ணுக்குத் தெரியாத ஊசியாகப் பீய்ச்சும். தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கையுறை போட்டிருந்தாலும் நிற்காது. கொடுமை என்னவென்றால், அப்போது பெரிதாக வலிக்காது. முள் குத்தியது மாதிரி ஒரு புள்ளி, அவ்வளவுதான். உள்ளே போன எண்ணெய் தசைநார் வழியே பரவி, விரலைச் செத்துப்போக வைக்கும். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்கிற ஆஸ்பத்திரிக்குப் போய், ‘அழுத்தத்தில் இருந்த ஹைட்ராலிக் எண்ணெய் உள்ளே ஏறிவிட்டது’ என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். முள் குத்தியது என்று நினைத்து மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டு படுத்துவிடக் கூடாது.

சித்தப்பா மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். விடியும்போது கை முழங்கை வரை வீங்கியிருந்தது.

“அன்னிக்கு ‘ஒண்ணுமில்லடா, போய்ப் படு’ன்னு சொன்னது நான்தான்” என்றார் அப்பா. அதற்கு மேல் பேசவில்லை. இருபது வருடமாக அதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நானும் எதுவும் கேட்கவில்லை. அம்மா மட்டும் கதவோரம் நின்று, புதிதாகக் கேட்பவள் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் சித்தப்பாவே வந்துவிட்டார். அப்பா போன் பண்ணியிருக்க வேண்டும். வந்தவர், நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த இடத்தைக் கண்டு சிரித்தார். “மழைக்காலத்துல நம்ம ஓட்டு வீடு எப்படி ஒழுகும்? ஓடு உடைஞ்சது ஒரு பக்கம், தண்ணி உத்திரத்து வழியா வந்து சொட்டறது வேற பக்கம். வண்டியும் அப்படித்தான். சொட்டற எடத்தையே பார்த்துட்டு நின்னா, நாள் பூரா நிக்க வேண்டியதுதான்” என்றார்.

முதலில் பக்கெட்டைத் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்து, லீவர்களை முன்னும் பின்னும் ஆட்டி, மிச்ச அழுத்தத்தை எடுத்தார்கள். பிறகு டீசல் தொட்டுத் துடைத்து, தண்ணீர் அடித்துக் கழுவி, துணியால் ஒற்றிக் காயவைத்தோம். எண்ணெயும் எருத்தூசியும் சேர்ந்து களிமண் மாதிரி அப்பியிருந்தது. இந்த ஒரு வேலைக்கே இரண்டு மணி நேரம். ஆனால், இதைச் செய்யாமல் லீக்கைத் தேடுவது வீண் வேலை என்று இப்போது புரிகிறது. புது ஈரம் எது, பழைய ஈரம் எது என்றே தெரியாது.

“கண்ணு, உங்கம்மா பவுடர் டப்பாவை எடுத்துட்டு வா” என்றார் சித்தப்பா. நான் முழித்தேன். காய்ந்த ஹோஸ்கள் மேலெல்லாம் முகப் பவுடரைத் தூவினார். கறுப்பு ஹோஸ்கள் திருவிழாப் பூசாரி மாதிரி வெள்ளையாகிவிட்டன. “ஏனுங்க, அது போன வாரம்தான் வாங்குனது” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. யாரும் பதில் சொல்லவில்லை.

பத்தடி தள்ளி நின்றோம். டிரைவர் அண்ணன் கொஞ்ச நேரம் வண்டியை இயக்கி, பக்கெட்டை இறக்கி அணைத்தார். போய்ப் பார்த்தால், வெள்ளைப் பவுடரில் கறுப்பாக ஒரு கோடு! பின்பக்கம் சொட்டிய எண்ணெய், பக்கெட்டை மடக்குகிற ஹோஸ் வழியே முன்னாலிருந்து ஊர்ந்து வந்திருக்கிறது. பம்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அந்தக் கோடு தொடங்குகிற இடத்தில் ஒரு ஜாண் நீளம் பூராவும் ஈரம். ஓட்டை சரியாக எங்கே? எனக்கு வந்த ஆன்லைன் பார்சல் அட்டையைக் கிழித்து, நீளமான குச்சி நுனியில் கட்டினார் சித்தப்பா. கண்ணாடி மாட்டிக்கொண்டார். பக்கெட் தரையிலேயே இருக்க, டிரைவர் அண்ணன் மடக்குகிற லீவரைக் கடைசி வரை பிடித்தார். தள்ளி நின்றபடியே சித்தப்பா அட்டையை ஹோஸ் ஓரமாக நகர்த்தினார். நான்கு விரல் கை. ஆடவே இல்லை. அப்பா அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நின்றார். அது எதற்கென்று எனக்குத் தெரியவில்லை, பிடித்துக்கொண்டு நின்றார்.

அட்டையில் சடக்கென்று ஒரு ஈரக்கோடு விழுந்தது.

எஞ்சினை அணைத்து, அழுத்தம் எடுத்துவிட்டுப் பார்த்தோம். ஹோஸைப் பிடித்து வைக்கிற கிளாம்ப்பின் போல்ட் எப்போதோ கழன்று விழுந்திருக்கிறது. ஆடிய ஹோஸ் இரும்பு விளிம்பில் தினமும் உரசி, ரப்பர் தேய்ந்து, உள்ளே கம்பிப் பின்னல் துருவேறித் தெரிந்தது. நாற்பதாயிரம் ரூபாய்க் கதைக்குப் பின்னால் ஒரு போல்ட்!

மறுநாள் பழைய ஹோஸைக் கழற்றி எடுத்துக்கொண்டு டவுனில் ஹோஸ் பிரஸ் பண்ணுகிற கடைக்குப் போனோம். அளவைச் சொன்னால் போதாது, பழையதைக் கையில் கொண்டுபோக வேண்டும். நீளம், இரண்டு முனைகளின் வளைவு, மரையின் வகை எல்லாம் அச்சாக ஒத்துப்போக வேண்டும். அரை இஞ்ச், இரண்டு கம்பிப் பின்னல் ஹோஸ் வெட்டி, முனைகளை மெஷினில் நசுக்கி, அரை மணி நேரத்தில் கொடுத்துவிட்டார்கள். புது ஓ-ரிங், கிளாம்ப், உரசாமல் இருக்கச் சுற்றுகிற உறை எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய். மாட்டியதும் பக்கெட்டை மெதுவாகப் பலமுறை மடக்கி விரித்துக் காற்றை வெளியேற்றி, எண்ணெய் அளவைப் பார்த்து ஊற்றினார்கள்.

ராத்திரி வண்டிக்கு அடியில் பெரிய அட்டை ஒன்றை விரித்து வைத்தோம். காலையில் முதல் ஆளாகப் போய்ப் பார்த்தேன். ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். வயிற்றைக் கலக்கியது. அப்பாவையும் சித்தப்பாவையும் கூப்பிட்டேன். சித்தப்பா குனிந்து பார்த்தார், முகர்ந்து பார்த்தார், பிறகு திண்ணையில் படுத்திருந்த எங்கள் நாயை ஒரு பார்வை பார்த்தார்.

“அதையும் கையில தொட்டுராத கண்ணு” என்றார்.