பதினாலாம் நாள்

எங்கட விளையாட்டுக் கழகத்து அலுமாரியில் ஒரு கப் இருக்கிறது. மென்பந்துச் சுற்றுப்போட்டி ஒன்றில் வென்றது. வாற ஆக்கள் ஆராவது "இது எப்ப அடிச்சனீங்கள்?" என்று கேட்டால் வருசத்தைச் சொல்லிவிட்டு வேற கதைக்குப் போய்விடுவோம். அந்தக் கப்புக்காக எங்கட விக்கெட் காப்பாளன் என்ன கொடுத்தான் என்பது எங்களுக்குத் தெரியும். அவனைக் கொடுக்க வைத்ததில் எங்களுக்கும் பங்கிருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

சுற்றுப்போட்டி தொடங்க முதல் ஒரு பின்னேரம், பயிற்சி ஆட்டம். லெக் பக்கம் போன பந்தைப் பிடிக்கப் பாய்ந்தவன் வலது கையை நீட்டியபடி விழுந்தான். உள்ளங்கை நிலத்தில் ஊன்ற, முழுப் பாரமும் மணிக்கட்டில் போனது. எழும்பி கையை உதறினான். பெரிய வீக்கம் ஒன்றும் இல்லை. "விரலை ஆட்டு பாப்பம்" என்றான் எங்களில் ஒருத்தன். ஐந்து விரலும் ஆடியது. "விரல் ஆடுதெண்டால் முறியேல்லை மச்சான், சுளுக்குத்தான்." இதை எங்களுக்கு ஆர் சொல்லித்தந்தது என்று தெரியாது. ஊரில் எல்லாரும் சொல்லுவதுதான். ஆனால் பிழை. விரலை ஆட்டுகிற தசைகளும் நாண்களும் வேற. மணிக்கட்டுக்குள் ஒரு சின்ன எலும்பு இரண்டாகக் கிடந்தாலும் விரல் ஆடும்.

அடுத்த நாள் நோ குறையவில்லை என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். டொக்டர் அவனைப் பெருவிரலை மேலே விரித்துப் பிடிக்கச் சொன்னார். அப்படிப் பிடித்தால் பெருவிரலின் அடியில், இரண்டு நாண்களுக்கு நடுவில் ஒரு குழி விழும். முந்தி ஐரோப்பாவில் மூக்குப்பொடியை அதில் வைத்து உறிஞ்சுவார்களாம், அதனால் மூக்குப்பொடிக் குழி என்றே அதற்குப் பெயர். டொக்டர் அந்தக் குழியில் விரலால் அமத்தினார். அவன் "ஐயோ அம்மா" என்று கத்தினான்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் முறிவு தெரியவில்லை. ஆனாலும் பெருவிரலையும் சேர்த்துப் பிளாஸ்ரர் போட்டுவிட்டு டொக்டர் சொன்னது இதுதான்: "படத்தில தெரியேல்லை எண்டாலும் உள்ளுக்க முறிவு இருக்கலாம். கட்டைக் கழட்டாதைங்கோ. ரெண்டு கிழமையால வாங்கோ, திரும்பப் படம் எடுக்கவேணும்." கிளினிக் கொப்பியில் திகதியும் எழுதித் தந்தார்.

நாங்கள் கேட்டது முதல் அரைவாசியை மட்டும்தான். வாசலுக்கு வரமுதலே கழகத்தின் வட்சப் குழுவில் செய்தி போய்விட்டது: "எக்ஸ்ரேயில ஒண்டுமில்லையாம். பைனலுக்கு ஆள் ரெடி."

கிளினிக் திகதியும் இறுதிப் போட்டியும் ஒரே நாள், பதினாலாம் நாள். பத்தாம் நாள் கழகக் கட்டடத்துக்குப் பின்னால் வைத்து பிளாஸ்ரரைத் தண்ணீரில் ஊறப்போட்டு, கத்தரிக்கோலால் வெட்டிக் கழற்றியது நாங்கள்தான். அவன் கையை நீட்டிக்கொண்டு இருந்தான். ஒருத்தன் வீட்டிலிருந்து எண்ணெய் கொண்டுவந்து தடவினான், இன்னொருத்தன் கிரேப் பந்தேஜ் சுற்றினான். இறுதிப் போட்டியில் அவன் இரண்டு பிடி எடுத்தான், ஒரு ஸ்டம்பிங் செய்தான். வென்றோம். பரிசுக் காசு பிரியாணிக்கும் புது ஜேர்சிக்கும் சரியாக இருந்தது. கொப்பியில் இருந்த திகதி ஆருக்கும் ஞாபகம் இல்லை.

அவன் மோட்டார் சைக்கிள் கராஜில் வேலை செய்கிறவன். ஸ்பனரைத் திருகேக்க நோகுது, பைக்கைத் தள்ளேக்க நோகுது என்று இடைக்கிடை சொன்னான். நாங்கள் "பழைய சுளுக்கு, இருக்கும்" என்றோம். அவனும் மெல்ல மெல்ல இடது கைக்கு மாறிக்கொண்டான். ஏழு மாதம் கழித்து, ஆரோ ஒரு ஆளின்ர பைக்கை ஸ்டாண்டில் ஏற்றும்போது மணிக்கட்டு விட்டுக்கொடுத்து பைக் அவன்ர காலுக்குப் பக்கத்தில் விழுந்தது. அன்றைக்குத்தான் திரும்பக் கிளினிக்குக்குப் போனோம்.

இந்தமுறை எக்ஸ்ரேயை எங்களாலும் வாசிக்க முடிந்தது. ஒரு சின்ன எலும்பின் நடுவில் கறுப்பாக ஒரு கோடு.

அந்த எலும்பின் பெயர் ஸ்கபொயிட். கிரேக்க மொழியில் படகு என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். மணிக்கட்டில் இரண்டு வரிசையாக எட்டு எலும்புகள் இருக்கின்றன. இது பெருவிரல் பக்கம் இரண்டு வரிசைக்கும் பாலம்போல் கிடக்கிறது. அந்த எட்டில் அதிகமாக முறிவது இதுதான். அதுவும் கையை ஊன்றி விழுகிற இளம் பெடியங்களுக்கு.

என்புமுறிவு வைத்திய நிபுணர் படத்தைக் காட்டி விளங்கப்படுத்தினார். இந்த எலும்புக்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்க முனையால் நுழைந்து, பின்னோக்கி முழங்கைப் பக்கம் ஓடுகிறது. எங்களுக்குத் தோட்டத்து வாய்க்கால்தான் ஞாபகம் வந்தது. நடுவில் வாய்க்கால் உடைந்தால் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போகாது. நடுவில் முறிந்தால் பின் துண்டுக்கு இரத்தம் குறையும். அதனால்தான் இது பொருந்த மற்ற எலும்புகளைவிடக் கனகாலம் எடுக்கும், சிலவேளை பொருந்தாமலே விடும், பின் துண்டு செத்தும் போகலாம். பொருந்தாமல் விட்டால் வருசக் கணக்கில் மணிக்கட்டு மூட்டே தேய்ந்து வாதமாகிவிடும்.

முதல் படத்தில் ஏன் தெரியவில்லை என்று கேட்டோம். மெல்லிய வெடிப்பு முதல் நாட்களில் எக்ஸ்ரேயில் பிடிபடாமல் இருக்கலாம். பத்துப் பதினாலு நாளில் முறிந்த விளிம்பில் எலும்பு கொஞ்சம் கரைவதால் கோடு தெரிய வரும். அதற்காகத்தான் அந்த இரண்டு கிழமை, அதற்காகத்தான் அந்தக் கட்டு. "அப்ப வந்திருந்தால்?" என்று எங்களில் ஒருத்தன் கேட்டான். "அனேகமாகக் கட்டோடயே பொருந்தியிருக்கும்" என்றார்.

வீட்டுக்கு வந்து வாசித்துப் பார்த்தோம். அவர் சொன்னது சரிதான். பிரித்தானியாவில் 439 பேரை வைத்துச் செய்து 2020இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, நடுப்பகுதி முறிந்து அதிகம் விலகாத ஸ்கபொயிட்டுக்கு உடனே சத்திரசிகிச்சை செய்தவர்களையும் கட்டுப் போட்டவர்களையும் ஒப்பிட்டது. ஒரு வருசத்தின் பின் இரண்டு பகுதிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கட்டோடு பொருந்தாதவர்களை வேளைக்குக் கண்டுபிடித்து அறுவை செய்தால் போதும் என்பதுதான் முடிவு. வேளைக்கு என்ற சொல்லில் நாங்கள் கனநேரம் நின்றோம்.

அவனுக்கு அந்த வேளை முடிந்துவிட்டது. மயக்கம் கொடுத்து, முறிவுக்கு நடுவில் வளர்ந்திருந்த நார்த் திசுவைச் சுரண்டி எடுத்து, இடுப்பெலும்பிலிருந்து கொஞ்ச எலும்பை வெட்டி அந்த இடைவெளியில் வைத்து, ஒரு ஸ்குரூவால் இறுக்கினார்கள். அந்த ஸ்குரூவுக்குத் தலை இல்லை. இரண்டு சென்ரிமீற்றர் அளவுதான் நீளம். இரண்டு அந்தத்திலும் புரி இருக்கும், ஆனால் இரண்டு புரியின் இடைவெளியும் ஒன்றல்ல. அதனால் திருகத் திருக இரண்டு துண்டும் கிட்ட இழுபட்டு ஒன்றோடொன்று நெருக்கப்படும். தலை இல்லாதபடியால் எலும்புக்குள்ளேயே புதைந்துவிடும், வழமையாகத் திரும்ப எடுக்கத் தேவையில்லை. அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த ஹேர்பேட் என்ற வைத்தியர் 1984இல் எழுதி உலகத்துக்கு அறிமுகப்படுத்தியது. கராஜ்காரனுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவைப்படவில்லை. "நல்ல மூளையடா" என்றான் கட்டிலில் படுத்தபடி.

வார்ட்டில் எங்களுக்கு மணிக்கட்டுப் பாடமே நடந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒரு ஓட்டோக்காரர். ஹான்டில் அடித்து பெருவிரலின் அடியெலும்பு மூட்டுக்குள்ளாலேயே முறிந்திருந்தது. சின்னத் துண்டு இணையத்தோடு நின்ற இடத்தில் நிற்க, பெரிய துண்டை நாண் இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் கட்டு மட்டும் போட்டால் நிற்காது என்று தோலுக்கு மேலால் கம்பி குத்தியிருந்தார்கள். டப்ளினில் இருந்த பென்னற் என்ற வைத்தியர் இந்த முறிவை 1882இலேயே விவரித்திருக்கிறார். எதிர்க் கட்டிலில் கிணற்றடியில் வழுக்கின ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். மணிக்கட்டுக்கு மேலே ஆரை எலும்பு நொருங்கி, உள்ளங்கைப் பக்கமாகத் தகடு வைத்திருந்தது. அந்த இடத்து முறிவை 1814இல் எழுதியதும் ஒரு டப்ளின்காரர்தான், கொலஸ். எக்ஸ்ரே கண்டுபிடித்தது 1895இல். படம் இல்லாமலே அவர்கள் இதை அறிந்திருக்கிறார்கள். எங்கட டொக்டரும் அந்தக் குழியை அமத்தித்தான் அறிந்தார். கேட்காமல் விட்டது நாங்கள்.

கை முறிந்தவன் நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். கையைவிட எலும்பெடுத்த இடுப்புத்தான் கூட நோகுது என்றான். திரும்பவும் கட்டு, பிறகு பிசியோதெரபி. சிகரெட் எலும்பு பொருந்துவதைக் கெடுக்கும் என்று சொன்னதால் அவனுக்கு முன்னால் நாங்களும் பத்தவில்லை. ஆஸ்பத்திரியில் காசு இல்லை, ஆனால் கராஜில் சம்பளமும் இல்லை. மாதா மாதம் சேர்த்து அவன்ர அம்மாவிடம் கொடுத்தோம். அவா ஒவ்வொருமுறையும் "நல்ல பிள்ளையள்" என்றா. கட்டைத் தானே கழற்றியதாக அவன் வீட்டில் சொல்லி வைத்திருந்தான்.

நாலாம் மாதம் ஸ்கானில் எலும்பு பொருந்தியது தெரிந்த பிறகுதான் எங்களுக்குத் துணிவு வந்தது. போய் இருந்து நடந்ததைச் சொன்னோம். அம்மா கனநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு கேட்டா: "நீங்கள் படிச்ச பிள்ளையள்தானே? ஒருத்தருக்கும் அந்தக் கொப்பியை வாசிக்கத் தெரியேல்லையோ?" உள்ளே இருந்து அவன் "நானும்தானே கையை நீட்டினனான்" என்றான். அது எங்களைக் காப்பாற்றச் சொன்னது. அம்மாவின் கேள்விக்கு எங்களிடம் இன்றைக்கும் மறுமொழி இல்லை.

இப்ப அவன் திரும்ப ஸ்பனர் பிடிக்கிறான். மணிக்கட்டு மற்றக் கையளவுக்குப் பின்னால் வளையாது. விக்கெட் காப்புக்கு நிற்பதில்லை, ஸ்கோர் எழுதுகிறான்.

கழகத்தில் ஒரு வழக்கம் கொண்டுவந்திருக்கிறோம். கையூன்றி விழுந்தவனுக்கு மூக்குப்பொடிக் குழியில் நோ இருந்தால், விரல் ஆடினாலும் வீக்கம் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிதான். கட்டைப் போட்டவர்கள்தான் கழற்றவேணும். கிளினிக் திகதியைப் போட்டி அட்டவணைக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுவோம், அன்றைக்கு ஒருத்தன் கூடப் போகவேணும்.

போன மாதம் எங்கட சின்னப் பெடியன் ஒருத்தன் விழுந்தான். முதல் படத்தில் ஒன்றும் இல்லை. பதினாலாம் நாள் மூன்று பேர் அவனோடு போய் விடிய ஏழு மணியிலிருந்து மத்தியானம்வரை வாங்கில் இருந்தோம். இரண்டாவது படத்திலும் ஒன்றும் இல்லை. "சும்மா ஒரு நாள் வீணாப் போச்சு அண்ணை" என்றான் வெளியில் வரும்போது.

ஓமடா என்று சொல்லி, கன்ரீனில் அவனுக்கு ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தோம்.