காவிரி என்ன நிறம்?

"ஏன்டா, ஆத்துல இன்னும் புதுத் தண்ணி வரலையா?"

போன ஆடிப்பெருக்கு அன்று ராத்திரி அம்மா கேட்ட கேள்வி இது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று சாயங்காலம்தான் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் நின்று, கரை தொட்டு ஓடிய காவிரியை என் போனில் முப்பது படம் எடுத்து வந்திருந்தேன். அதில் ஆகச் சிறந்தது என்று நான் நினைத்த படத்தைத்தான் அம்மாவிடம் நீட்டியிருந்தேன்.

அம்மா ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவர். கல்யாணமாகி காட்டூர் வந்து அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. ஆனாலும் ஆடிப் பதினெட்டு வந்தால் கலந்த சாதம் கட்டிக்கொண்டு, பால்பண்ணை, காந்தி மார்க்கெட், சிந்தாமணி என்று பஸ் மாறி மாறியாவது படித்துறைக்குப் போய்விடுவார். மூட்டு வலி வந்தபிறகு மூன்று வருஷமாகப் போகவில்லை. படி இறங்க முடியாது, கூட்டத்தில் நிற்க முடியாது. "நீ போய்ட்டு வந்து படத்தைக் காட்டு, அது போதும்" என்று சொல்லியிருந்தார்.

நான் காட்டிய படம் எப்படி இருந்தது தெரியுமா? வானம் அடர் நீலம். மேகத்துக்கு மேகம் விளிம்பு தெரிந்தது. மண்டபத்து நிழலில் நின்ற பெண்களின் புடவைக் கரைகூடப் பளிச்சென்று இருந்தது. ஆறு நீலப் பச்சையில் ஜொலித்தது. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதும் பெங்களூரில் இருக்கும் தங்கை, "காலண்டர் படம் மாதிரி இருக்கு அண்ணா" என்று எழுதினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அம்மா மட்டும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தார். "புதுத் தண்ணின்னா செம்மண் கரைச்ச மாதிரி கலங்கலா வரும். இது கடல் மாதிரி நீலமா இருக்கே. சாயங்காலம் போறேன்னு சொன்ன, மத்தியானமே போய்ட்டியா?"

ஒரே படத்தில் இரண்டு தப்பு. நிறமும் தப்பு, வெளிச்சமும் தப்பு. நிஜத்தில் அன்று ஆறு பால் அதிகம் விட்ட டீயைப் போல ஓடியது. வெயில் இறங்கி, படிகளில் பாதி இருட்டாகிவிட்டிருந்தது. வெள்ளம் வந்த சேதியைக் கொண்டு வரச் சொன்னார் அம்மா. நான் அந்தச் சேதியைத் துடைத்துவிட்டு அழகான படத்தைக் கொண்டு வந்திருக்கிறேன்.

தப்பு செய்தது போனா, நானா? உட்கார்ந்து யோசித்தபோது இரண்டு பேருமே என்று தெரிந்தது.

உச்சி வெயிலின் வெளிச்சம் சுமார் 1,00,000 லக்ஸ். ராத்திரி நம் வீட்டுக் கூடத்தில் எரியும் விளக்கு வெளிச்சம் ஓரிரு நூறு லக்ஸ்தான். நம் கண் வானத்தைப் பார்க்கும்போது ஒரு மாதிரியும், நிழலைப் பார்க்கும்போது வேறு மாதிரியும் தன்னைச் சரிசெய்துகொள்ளும். கேமராவுக்கு ஒரு படத்துக்கு ஒரே அளவுதான். வானத்துக்கு அளவு வைத்தால் படித்துறை கரிக்கட்டை. படித்துறைக்கு அளவு வைத்தால் வானம் வெள்ளைத்தாள்.

இதற்குத்தான் ஹெச்.டி.ஆர். வந்தது. ஹை டைனமிக் ரேஞ்ச் என்பதன் சுருக்கம். நாம் பட்டனை ஒருமுறை தட்டினாலும், போன் கண்ணிமைக்கும் நேரத்தில் பல படங்களை எடுத்துக்கொள்கிறது. ஒன்றிலிருந்து வானம், இன்னொன்றிலிருந்து நிழல் என்று நல்ல பகுதிகளைச் சேர்த்துத் தருகிறது.

யோசனை பழசுதான். 1850-களிலேயே பிரான்ஸில் குஸ்தாவ் லெ கிரே என்பவர், வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் எடுத்து, இரண்டையும் சேர்த்து ஒரே படமாக அச்சிட்டார். கம்ப்யூட்டர் வழியில் இதைச் செய்யும் முக்கியமான முறையை 1997-ல் வெளியிட்ட இருவர் பால் டெபவெக், ஜிதேந்திர மாலிக். மாலிக் மதுராவில் பிறந்து கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர். 2010-ல் ஐபோனில் இந்த வசதி வந்தது. இன்று நம் பலருடைய பையிலும் இருக்கிறது.

சேர்ப்பதில் பிரச்னை இல்லை. சேர்த்த பிறகு வரும் வேலைதான் சிக்கல். அவ்வளவு பெரிய வெளிச்ச வித்தியாசத்தைச் சின்னத் திரைக்குள் அடக்க வேண்டும். காவிரித் தண்ணீரை உய்யக்கொண்டான் வாய்க்காலுக்குள் விடுவது போலத்தான். அளவாகத் திறந்தால் வயலுக்குப் பாயும். மொத்தமாகத் திறந்தால் கரை நிற்காது.

போன் தன் பங்குக்கு நிழலைத் தூக்கி, வானத்தை இறக்கி, நிறத்தையும் கொஞ்சம் ஏற்றிவிட்டது. அது போதாதென்று, திரும்பி வரும் வழியில் ஒரு டீக்கடையில் நின்று நான் 'ஷேடோஸ்' கோட்டை இன்னும் தள்ளினேன். 'சாச்சுரேஷன்' கோட்டைக் கடைசி வரை இழுத்தேன். தண்ணீரின் மேல் லேசாகத் தெரிந்த வானத்தின் நீலம் பொங்கி எழுந்து, அடியில் இருந்த செம்மண் நிறத்தை விழுங்கிவிட்டது.

அடுத்த வாரம் வேலை விட்டதும் மறுபடி ஸ்ரீரங்கம் போனேன். முதலில் கீழச் சித்திரை வீதியில் நின்று வெள்ளைக் கோபுரத்தை எடுத்தேன். சாயங்காலம் சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் இருக்கும். நம்மைப் பார்த்த முகம் நிழலில் இருக்கும். கண்ணுக்கு வானம்தான் வெளிச்சம், கோபுரம் அதைவிட மங்கல். போன் எடுத்த படத்திலோ இரண்டும் ஒரே வெளிச்சம். கோபுரத்தின் விளிம்பைச் சுற்றி, சாமி படத்தில் வரைவது போல ஓர் ஒளிவட்டம் வேறு! வெள்ளைக் கோபுரம் சாம்பல் கோபுரமாகி நின்றது.

அங்கேதான் எனக்கு ஒரு கணக்குப் பிடிபட்டது. எது அதிக வெளிச்சம், எது அடுத்தது, எது இருட்டு என்ற வரிசையை மாற்றக்கூடாது. வித்தியாசத்தைக் குறைக்கலாம். வரிசை புரண்டால் படம் பொய்யாகத் தெரியும். ஏன் என்று சொல்லத் தெரியாதவர்களுக்கும் உறுத்தும்.

அங்கிருந்து படித்துறைக்குப் போனேன். இந்த முறை பட்டனைத் தட்டும் முன் ஐந்து நிமிஷம் சும்மா நின்று பார்த்தேன். தண்ணீர் என்ன நிறம், மஞ்சள் கயிறு என்ன மஞ்சள், எந்தப் படிக்குக் கீழே இருட்டு என்று மனசில் குறித்துக்கொண்டேன். திரையில் வானத்தின் மேல் விரலை வைத்து, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுத்தேன். வானம் அடங்கியது. தூரத்துத் தண்ணீர் வானத்தைத்தான் பிரதிபலிக்கும் என்பதால், போனைச் சற்றுத் தாழ்த்திக் காலடித் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டேன். அங்கேதான் செம்மண் நிறம் தெரிந்தது.

திருத்துவதை வீட்டுக்கு வந்து, திரை வெளிச்சத்தைப் பாதியாக வைத்துச் செய்தேன். வெளியில் திரை முழு வெளிச்சத்தில் எரியும்போது திருத்தினால் கை அளவு மீறிவிடுகிறது. நிழலைக் கொஞ்சம் தூக்கினேன். நிறத்தைத் தொடவே இல்லை. மூலப்படத்தையும் அழிக்காமல் வைத்துக்கொண்டேன்.

ஹெச்.டி.ஆரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் மண்டபத்து நிழலில் நிற்பவர்களின் முகமே வந்திருக்காது. கண் பார்த்ததை மீட்டுத் தரும்வரை அது நல்ல உதவி. கண் பார்க்காததைச் சேர்க்கும்போதுதான் வினை.

புதுப் படத்தை அம்மாவிடம் கொடுத்தேன். குரூப்பில் போட்டபோது யாரும் காலண்டர் என்று சொல்லவில்லை. இரண்டு பேர் கட்டைவிரல் போட்டார்கள், அவ்வளவுதான்.

அம்மா படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "ம்... வந்துடுச்சு. நல்ல கலங்கல்" என்றார். பிறகு இருட்டாக இருந்த மூலையைத் தொட்டு, "இந்தத் தூணுக்குப் பின்னாடி உக்காந்துதான் நானும் உங்க அப்பாவும் சாப்பிடுவோம். எப்பவுமே அங்க வெளிச்சம் வராது" என்றார்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். போனை என்னிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.

"அடுத்த வருஷம் என்னையும் கூட்டிட்டுப் போடா. படி இறங்க வேண்டாம். மேலயே ஒரு நாற்காலி போட்டுக் குடு, உக்காந்து பாத்துக்கறேன்."