அனிதா பால்துரையும் எங்க அக்காவும்

ஆணி ஜாஸ்தி. அதனால கடைப்பக்கம் வந்து ரெண்டு மாசம் ஆயிடுச்சு. இந்தப் பதிவும் ரொம்ப நாளா டிராப்ட்ல தூங்கிட்டிருந்த ஒண்ணுதான். போன வாரம் ஊருக்குப் போனப்ப நடந்த ஒரு சின்ன விஷயத்தால தூசி தட்டி எடுத்துட்டேன். கொஞ்சம் நீளம். பொறுத்துக்குங்க மக்களே.

முதல்ல ஒரு கேள்வி. கூகுள் பண்ணாம சொல்லணும். இந்திய அணிக்கு 18 வருஷம் ஆடின, 19 வயசுலயே கேப்டன் ஆன, பத்மஸ்ரீ வாங்கின தமிழ்நாட்டு பாஸ்கட்பால் வீராங்கனை யாரு?

ஆபீஸ்ல எங்க டீம்ல கேட்டுப் பார்த்தேன். மைக்கேல் ஜோர்டான் எத்தனை தடவை ரிட்டயர் ஆனாருன்னு (மூணு தடவை: 1993, 1999, 2003) நாலு பேர் டக்குனு சொல்லிட்டாங்க. இந்தக் கேள்விக்கு ஒருத்தரும் வாயைத் திறக்கல. பதில்: அனிதா பால்துரை. சென்னைக்காரங்க. அவங்களைக் கிண்டல் பண்ணவும் எனக்குத் தகுதி கிடையாது. எங்க அக்கா மட்டும் இல்லைன்னா எனக்கும் தெரிஞ்சிருக்காது.

இப்ப கொஞ்சம் கொசுவத்திச் சுருள் சுத்திக்கிறேன்.

எங்க ஊரு ஒரத்தநாடு பக்கம். புது ஆத்துப் பாசனம். (வெளியூர்க்காரங்களுக்கு: கல்லணைக் கால்வாயைத்தான் நாங்க புது ஆறுன்னு சொல்லுவோம். 1930கள்ல வந்தது. எங்களுக்கு இன்னும் 'புது'தான்.) பள்ளிக்கூட கிரவுண்டு சுத்தக் களிமண். ஐப்பசி கார்த்திகையில காலை வச்சா செருப்பு அங்கயே நிக்கும், கால் மட்டும்தான் வெளிய வரும். பந்தைத் தட்டினா பொத்துன்னு விழுந்து அப்படியே உக்காந்துக்கும். இதைப் பார்த்துட்டு ஒரு பழைய மாணவர் சிமெண்ட்ல ஒரு பாஸ்கட்பால் கோர்ட் போட்டுக் கொடுத்தார்.

ஊர்ஜனம் அந்தக் கோர்ட்டை வேற கண்ணால பார்த்துச்சு. நல்ல சமமான தரை, நிழல் விழாத இடம். நெல் காயப்போட இதைவிட என்ன வேணும்? தை மாசியில சம்பா அறுப்பு முடிஞ்சா கோர்ட் முழுக்க நெல்லுதான். அக்காவும் அவ கூட்டாளிங்களும் காலையில அஞ்சரைக்கெல்லாம் விளக்குமாறோட போவாங்க. நெல்லைத் தள்ளி நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் குமிச்சுட்டு, மிச்சம் இருக்கிற அரை கோர்ட்ல ஆடுவாங்க. அப்படியும் எங்கயாவது நாலு நெல்லு கிடந்து சறுக்கிவிடும். அக்காவோட வலது முட்டியில இன்னும் அந்தத் தழும்பு இருக்கு. பந்து வேற ஆம்பளப் பசங்க ஆடுற 7ஆம் நம்பர் பந்து. பொம்பளைங்களுக்குன்னு சின்னதா 6ஆம் நம்பர் பந்து இருக்குன்னே மாவட்டப் போட்டிக்குப் போனப்பதான் அவங்களுக்குத் தெரிஞ்சுது.

எனக்கு அங்க வேலை தண்ணி பாட்டில் தூக்குறது, வாய்க்காலுக்கு ஓடுற பந்தை எடுத்துட்டு வர்றது. அப்ப பி.டி. சார் அடிக்கடி சொல்லுவார்: "மெட்ராஸ்ல ஒரு பொண்ணு 19 வயசுல இந்தியா கேப்டன் ஆயிடுச்சு. அதுக்கும் வளையம் பத்தடி உயரம்தான், உங்களுக்கும் பத்தடிதான்." அக்கா அந்தப் பேரை நோட்டு அட்டைக்குள்ள எழுதி வச்சிருந்தா. மத்த பொண்ணுங்க சூர்யா பேரை எழுதி வச்சிருந்த காலம் அது :-)

சரி, அந்த மெட்ராஸ் பொண்ணு கதைக்கு வருவோம்.

அனிதா பிறந்தது 1985. முதல்ல தடகளம், வாலிபால். பதினோரு வயசு வாக்குல பாஸ்கட்பாலுக்கு வந்தாங்க. 2000த்துல இந்திய அணி. அதாவது 15 வயசு. நான் அந்த வயசுல ரெக்கார்டு நோட்டுல படம் வரைய அக்காகிட்ட கெஞ்சிக்கிட்டு இருந்தேன். 19 வயசுல கேப்டன், இந்திய மகளிர் அணியில அவ்வளவு சின்ன வயசுல கேப்டன் ஆனது அவங்கதான். ஆசிய சாம்பியன்ஷிப்ல தொடர்ந்து ஒன்பது தடவை ஆடியிருக்காங்க. அப்படி ஆடின ஒரே இந்தியப் பெண் அவங்கதான். தேசிய போட்டிகள்ல மட்டும் 30 பதக்கம்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது வேற. 2012ல சீனாவுல ஹையாங் ஆசிய பீச் கேம்ஸ்ல தங்கம். 2013ல தோஹாவுல ஆசிய சாம்பியன்ஷிப்ல தங்கம். ரெண்டும் 3x3 ஆட்டம். டீமுக்கு மூணே பேர், ஒரே வளையம், பத்து நிமிஷம். இல்லைன்னா யாரு முதல்ல 21 எடுக்கறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. முக்கியமா, ஆடுறது அரை கோர்ட்ல. அக்காகிட்ட இதைச் சொன்னப்ப, "அடப்பாவி, அப்ப நாங்க அஞ்சு வருஷமா ஆடினதும் அதானா! நெல்லு காயப்போட்டவங்களுக்கும் ஒரு மெடல் குடுக்கச் சொல்லு" ன்னா.

'புரொபஷனல்' ஸ்டார்னா நமக்கு என்.பி.ஏ., கோடி கோடியா காண்ட்ராக்ட், ஷூ விளம்பரம்தான் ஞாபகம் வரும். நம்ம ஊர்ல அந்த வார்த்தைக்கு அர்த்தம் வேற. அனிதா ஆடின காலம் முழுக்க நம்ம நாட்டுப் பெண்களுக்கு நிலைச்சு நின்ன ஒரு சம்பள லீக் கிடையாது. நல்லா ஆடினா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ரயில்வே வேலை கிடைக்கும். அனிதா தெற்கு ரயில்வே. அவங்க காலத்து இன்னொரு பெரிய ஸ்டார், கேரளாவோட கீத்து அன்னா ஜோஸ், அவங்களும் தெற்கு ரயில்வேதான். கீத்து ஆஸ்திரேலியாவுல ரிங்வுட் ஹாக்ஸ் டீமுக்கு ஆடினாங்க. 2011ல அமெரிக்கா போய் டபிள்யூ.என்.பி.ஏ.வுல சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் ஆன்டோனியோன்னு மூணு டீம் டிரையல்ல கலந்துக்கிட்டாங்க. இடம் கிடைக்கல. அவ்வளவு தூரம் போனதே அதுக்கு முன்னாடி எந்த இந்தியப் பொண்ணும் செய்யாதது.

அதே 2011லதான் எங்க அக்காவுக்கும் ஒரு டிரையல் வந்துச்சு. இந்தப் பதிவு டிராப்ட்லயே தூங்கினதுக்குக் காரணமும் அதுதான்.

அக்கா பிளஸ் டூ பரீட்சை எழுதி முடிச்ச நேரம். திருச்சியில ஒரு கல்லூரியில ஸ்போர்ட்ஸ் கோட்டா செலக்‌ஷன். எடுத்துட்டாங்கன்னா பீஸ் கிடையாது, ஹாஸ்டல் ப்ரீ. அங்கேர்ந்து யுனிவர்சிட்டி டீம், அப்புறம் ரயில்வே, பேங்க்குன்னு ஒரு வழி இருக்குன்னு பி.டி. சார் வீட்டுக்கே வந்து விளக்கிச் சொன்னார். மூணு பொண்ணுங்களை அவரே கூட்டிட்டுப் போறதா ஏற்பாடு. ராத்திரி தங்கணும். வீட்டு ஆம்பள ஒருத்தர் கூட வந்தா அனுப்பறேன்னார் அப்பா. அவருக்கு உளுந்து அறுப்பு, ஆள் கிடைக்காத நேரம். என்னைப் பார்த்து, "நீ துணைக்குப் போறியாடா?" ன்னார்.

தேதி 2011 ஏப்ரல் 2, சனிக்கிழமை.

கிரிக்கெட் பார்க்கிறவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேணாம். உலகக் கோப்பை பைனல். இந்தியா, இலங்கை. எங்க வீட்ல கலைஞர் குடுத்த கலர் டிவி. எனக்கு 14 வயசு. "வயித்த வலிக்குதுப்பா" ன்னு சொல்லிட்டேன்.

அக்கா போகல. மத்த ரெண்டு பொண்ணுங்களும் போனாங்க. ராத்திரி தோனி அந்த சிக்ஸரை அடிச்சப்ப தெருவே வெடி வெடிச்சுது. அக்கா எனக்கு ஓமத் தண்ணி வச்சுக் குடுத்துட்டு கொல்லைப்பக்கம் பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தா.

அப்புறம் வழக்கமான கதைதான். பஸ்ல போய் வர்ற தூரத்துல ஒரு டிகிரி. 2014ல மன்னார்குடியில கல்யாணம். பாப்பா பிறந்தா. அந்த வருஷம்தான் நான் இஞ்சினியரிங் சேர்ந்தேன்... இல்ல இல்ல, நான் சேர்ந்தது கல்யாண வருஷம், பாப்பா 2016. எனக்கு பீஸ் கட்டுறதுக்கு அப்பா யார்கிட்டயும் யோசனை கேக்கல. கடன் வாங்கிக் கட்டினார்.

நான் சொல்ல வந்ததுக்கு இப்பதான் வர்றேன். அனிதாவோட 18 வருஷத்துல எனக்குப் பெரிசாத் தெரியறது 30 பதக்கம் இல்ல. கல்யாணம் ஆகி, குழந்தை பெத்துக்கிட்டு, திரும்பி வந்து ஆடினதுதான். 2017 ஜூலை, பெங்களூர்ல மகளிர் ஆசியக் கோப்பை 'பி' டிவிஷன். பைனல்ல கஜகஸ்தானை 75-73ன்னு ரெண்டே பாயிண்ட்ல ஜெயிச்சு, இந்தியா 'ஏ' டிவிஷனுக்குப் போச்சு. அந்த டீம்ல ஒரு அம்மாவா அனிதா இருந்தாங்க. அதே மாசம்தான் மிதாலி ராஜ் டீம் லார்ட்ஸ்ல 9 ரன்ல உலகக் கோப்பையை விட்டது. அதுக்கு நாடே உச்சு கொட்டிச்சு, நானும்தான். பெங்களூர்ல ஜெயிச்சது எனக்குத் தெரியவே தெரியாது.

திரும்பி வர்றதுக்கு அவங்க உழைப்பும் பிடிவாதமும்தான் முதல் காரணம், அதுல சந்தேகமே இல்ல. ஆனா பொட்டி தட்டுற எனக்கு இன்னொண்ணும் கண்ணுல படுது: திரும்பி வர ஒரு இடம் இருந்தது. ரயில்வே மாதிரி வேலையில விளையாடுறதும் வேலைக் கணக்குதான். மத்திய அரசு ஊழியருக்கு 180 நாள் பேறுகால விடுப்பு 2008லயே வந்துடுச்சு. மாசாமாசம் சம்பளம் வர்ற ஆட்டத்தை "இன்னும் என்ன பந்து விளையாட்டு?" ன்னு எந்த வீட்லயும் சுலபமாக் கேட்டுட முடியாது. அக்கா ஆட்டத்தை எல்லாரும் அப்படித்தான் கேட்டாங்க. அக்கா அனிதா அளவுக்கு வந்திருப்பான்னு நான் சொல்ல வரல. மாவட்ட அளவு வேற, ஆசிய அளவு வேற, அது எனக்கே தெரியும். ஆனா எவ்வளவு தூரம் வந்திருப்பான்னு பார்க்கிற சான்ஸ் அவளுக்குக் கிடைக்கல. முதல் படி திருச்சியில இருந்துச்சு. நான் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்துட்டேன்.

2021 ஜனவரி 25. கொரோனா புண்ணியத்துல ஊர்லயே உக்காந்து பொட்டி தட்டிக்கிட்டு இருந்தேன். பொங்கல் சமயத்துல பருவம் தப்பி மழை கொட்டி, அறுக்கற பயிரெல்லாம் சாய்ஞ்சு கிடந்துச்சு. வீட்ல யார் முகத்துலயும் களையில்ல. ராத்திரி பத்ம விருது லிஸ்ட் வந்துச்சு. எஸ்.பி.பி.க்கு மறைவுக்குப் பின் பத்மவிபூஷன், சாலமன் பாப்பையா, பாப்பம்மாள் பாட்டி, எங்க சாப்ட்வேர் ஜாதியில ஸ்ரீதர் வேம்புன்னு டிவியில ஓடிக்கிட்டே இருந்துச்சு. நடுவுல ஒரு வினாடி: பி. அனிதா, விளையாட்டு. அர்ஜுனா விருதுப் பட்டியல்ல வராத பேரு, நேரா பத்மஸ்ரீயில வந்து நிக்குது.

அக்காவுக்குப் போன் போட்டேன். ரெண்டு நிமிஷம் அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்புறம் கேட்டா:

"பதினெட்டு வருஷமா ஆடினாங்க? முட்டி என்னாத்துக்குடா ஆயிருக்கும்!"

விருது, பணம், டெல்லி எதையும் கேக்கல. ஆடினவங்களுக்குத்தான் அந்தக் கேள்வி வரும்.

இப்ப போன வாரம். மன்னார்குடிக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வரும்போது எங்க பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்தேன். 2018 கஜா புயல்ல சாய்ஞ்ச போஸ்ட்ல ஒண்ணை நிமித்தி வச்சிருக்காங்க, இன்னொண்ணு இல்ல. இன்னும் அரை கோர்ட்தான். இதை அக்காகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தப்ப, என்னமோ தோணி, 14 வருஷமா உள்ளுக்குள்ள கிடந்ததைக் கொட்டிட்டேன்.

"அக்கா, அன்னைக்கு எனக்கு வயித்து வலியெல்லாம் இல்ல."

அக்கா முறத்துல இருந்து கண்ணை எடுக்கவே இல்ல. "தெரியும்டா. தோனி சிக்ஸ் அடிச்சப்ப நீ குதிச்ச குதியிலயே தெரியும்."

"அப்ப ஏன்க்கா ஓமத் தண்ணி வச்சுக் குடுத்த?"

"பொய் சொன்னா கசக்கட்டும்னுதான்."

சிரிச்சேன். அவளும் சிரிச்சா. கொஞ்ச நேரம் கழிச்சு, "நீ வர்றேன்னு சொல்லியிருந்தாலும் அப்பா வேற ஏதாவது காரணம் கண்டுபிடிச்சிருப்பாரு. நீ அதையே நினைச்சுக்கிட்டு இருக்காத" ன்னா. இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சு, "ஆனா வந்திருக்கலாம்டா தம்பி" ன்னா.

இதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

பாப்பா இப்ப நாலாவது படிக்கிறா. சனி ஞாயிறு அக்காவே கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறா. அடுத்த மாசம் தஞ்சாவூர்ல சின்னப் பசங்களுக்கு ஏதோ போட்டியாம். மாமாவுக்கு லீவு கிடைக்காது, துணைக்கு நீ வர்றியான்னு கேட்டா. லீவு போட்டாச்சு. மேனேஜர் காரணம் கேட்டார். வயித்து வலின்னு சொல்லல :-)

டிஸ்கி: உங்க ஊர்லயும் இப்படி நெல்லைத் தள்ளிட்டு ஆடின அக்கா, தங்கச்சி யாராவது இருப்பாங்க. முடிஞ்சா அவங்களைப் பத்தி ஒரு பதிவு போடுங்க. அட்லீஸ்ட் ஒரு போனாவது போடுங்க.